வேண்டாம் மேடம்

என் நாத்தனார் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். என் மாமனார் ‘டாக்டர் மாதிரி’ என்பார்; அதில் ‘மாதிரி’யை மட்டும் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிடுவார். என் கணவர் ‘ஸ்போர்ட்ஸ் லைன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார். நான் ‘சுளுக்கு எடுக்கிற படிப்பு’ என்பேன். அதைக் கேட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளே பதில் சொன்னால் ‘விளையாட்டுக் காயத் தடுப்பும் மறுவாழ்வும்’ என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். கேட்டவர் ‘ரொம்ப சந்தோஷம்மா’ என்று சொல்லிவிட்டுத் தன் முழங்காலைக் காட்டத் தொடங்கிவிடுவார்.

விழுந்தவனைத் தூக்கிவிட எதற்குப் பல்கலைக்கழகம் என்று நான் ஒருநாள் கேட்டேன். தூக்கிவிட இல்லை அண்ணி, விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் முக்கால்வாசிப் படிப்பு என்றாள். விழாமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் போதாதா என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்போதிலிருந்தே எங்களுக்குள் இப்படித்தான். நான் ஒன்று சொல்வேன், அவள் முறைப்பாள், சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து என் கணவரைக் கிண்டல் செய்வோம்.

அவள் அந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், நீளமாக ஒரு நடை, இவ்வளவுதான் எங்கள் இடம். நடை முழுக்கச் சின்னச் சின்ன ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டுப் போவாள். கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டை தொங்கும். தெரியாமல் கதவைத் திறந்தால் அது பட்டென்று முகத்தில் அடிக்கும். உருளையாக ஒரு நுரைத் திண்டு வாங்கி வந்தாள். தொடைக்கு அடியில் வைத்து உருட்டுவதற்காம். என் மாமனார் அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு மதியத் தூக்கம் போட்டார். திருப்பிக் கேட்டால், இப்போதுதான் கழுத்து சரியாகியிருக்கிறது என்பார்.

பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றால் எங்களைத்தான் பிடிப்பாள். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அவர் அசந்து தூங்கும்போது, மறுநாள் செய்முறைத் தேர்வு என்று சொல்லி அவருடைய கணுக்காலில் டேப் சுற்றிப் பழகியிருக்கிறாள். சுற்றியது அழகாகத்தான் இருந்தது. காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் அவர் அதைப் பிடித்து இழுக்க, காலிலிருந்த ரோமமெல்லாம் கூடவே வந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மா மேலே ஓடிவந்து, யாருக்குப் பிரசவ வலி என்று கேட்டாள்.

நானும் தப்பவில்லை. குளியலறையில் ஒருநாள் வழுக்கி விழுந்தேன். ஓடிவந்தவள் கையைக் கொடுக்காமல், எழுந்திருக்க வேண்டாம், கால் எந்தப் பக்கமாக மடங்கியது என்று முதலில் சொல்லுங்கள் என்றாள். ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு நான் விழுந்த விதத்தை விளக்கினேன். கடைசியில், விழுந்த மாதிரியே மெதுவாக இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதையும் சொல்லிவிட வேண்டும், நான் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். நாளெல்லாம் நின்று நின்று குதிகாலில் உயிர் போகும். அவள் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். சில வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

மூன்றாம் வருடத்தில் அவளைப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியோடு ஒரு சீசன் முழுக்க இருக்கச் சொன்னார்கள். மைதானத்தின் ஓரத்தில் ஐஸ் பெட்டியும் டேப்புமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அடிபட்டவனை அவள்தான் தேற்றவேண்டும். தேறிவிட்டான் என்று அவள் சொன்னால்தான் கோச் அவனைத் திரும்ப ஆடவிடலாம். இவளுக்குச் சொல்லவா வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்து ஆடலாமா என்பான். வேண்டாம் என்பாள். முட்டி சிராய்த்தவன் வருவான். வேண்டாம். தும்மியவனைக்கூட வேண்டாம் என்று உட்கார வைத்தாளாம். இரண்டே வாரத்தில் பையன்கள் அவளுக்கு ‘வேண்டாம் மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தச் செய்தியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தம்பி அந்த அணியில்தான் வலது ஓரத்தில் ஆடுகிறான். பேருக்கு வணிகவியல் படிக்கிறான். வகுப்பு எந்த மாடியில் நடக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். விடுதியில் தங்கியிருந்தான், ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவான். பந்து காலுக்கு வந்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது, அது உண்மை. சீசன் முடிவில் ஒரு ஆட்டத்தைப் பார்க்கப் பெரிய கிளப்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் ஆட்டமே பிழைப்பாகிவிடும். அதைத் தவிர அவன் மண்டையில் வேறு எதுவும் இல்லை, எங்கள் அம்மாவின் மண்டையிலும் வேறு எதுவும் இல்லை.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் என் நாத்தனார் அணியில் எல்லாருக்கும் சோதனை வைத்தாள். ஒற்றைக்காலில் எம்பிக் குதித்து, அதே காலில் இறங்கி, ஆடாமல் நிற்கவேண்டும். எவ்வளவு தூரம் என்று இஞ்ச் டேப் வைத்து அளப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். நல்ல உடம்பில் ஒருவனால் எவ்வளவு முடியும் என்று முதலிலேயே அளந்து வைத்துக்கொண்டால், பின்னால் அடிபட்டுத் தேறி வரும்போது பழைய அளவுக்கு வந்துவிட்டானா என்று பார்த்துக்கொள்ளலாம். படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் பேயறைந்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள். ஒருவனும் உருப்படியாகக் குதிக்கவில்லையாம். நின்றவனெல்லாம் தென்னை மாதிரி ஆடுகிறானாம். என்ன நினைத்தாளோ, தன் அப்பாவைக் கூப்பிட்டு நடையில் நிறுத்தி, கொஞ்சம் குதித்துக் காட்டுங்கள் என்றாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தார். அவள் அளந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அணியின் முன்கள ஆட்டக்காரனுக்கும் அவருக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். அன்றிலிருந்து என் மாமனார் பூங்காவில் நடக்க வருகிறவர்களிடமெல்லாம், நானும் கால்பந்துக்குப் போயிருக்கவேண்டியவன் என்று ஆரம்பித்துவிட்டார்.

அவளுடைய பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு பலவீனமான அணியை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றாராம். உடனே அதையே அவளுக்குப் புராஜெக்டாகக் கொடுத்தார். தினமும் ஆட்டப் பயிற்சிக்கு முன்னால் அரைமணி நேரம் இவர்களுக்கு உடற்பயிற்சி கொடு, சீசன் முடிவில் திரும்பவும் அள, எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று எழுது என்றார். அந்த வருடத்துப் படிப்பே அந்தப் புராஜெக்டில்தான் நின்றது. அது தேறாவிட்டால் வருடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும்.

பையன்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து எழு, ஒற்றைக்காலில் நில், முழங்கையை ஊன்றிக் குப்புறப் பலகையாக இரு. மறுத்துப் பேசவும் முடியாது. பலவீனம் என்று அளந்தே காட்டியாகிவிட்டது. என் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து, தொடை எரிகிறது, உன் நாத்தனார் மனுஷியே இல்லை என்று புலம்புவான். நன்றாகத்தானே குதிப்பாய், சாக்கடையை ஒரே தாண்டாகத் தாண்டுவாயே, என் மாமனார் அளவுக்குத்தானாடா குதித்தாய் என்று கேட்டேன். தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அன்றைக்கு மூட் இல்லை என்றான். எனக்கு மறுநாள் கடையில் கல்யாணப் பெண் ஒருத்திக்கு அலங்காரம் இருந்தது. அதற்குமேல் கேட்கவில்லை.

சீசன் நடுவில் அவன் கணுக்கால் மடங்கியது. எம்பிப் பந்தைத் தலையால் முட்டிவிட்டு இறங்கியவன், அடுத்தவன் பூட்ஸ் மேல் இறங்கிவிட்டான். கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. எலும்பு உடையவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது என்றார்கள். விடுதியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். அவளுக்குக் கையில் அல்வா கிடைத்த மாதிரி. காலால் காற்றில் எழுத்து எழுதச் சொல்வாள், கால்விரலால் துண்டைச் சுருட்டச் சொல்வாள், தலையணை மேல் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வாள். அவனைப் போல மோசமான நோயாளியை நான் கண்டதில்லை. வலிக்கிறதா என்று கேட்டு முடிப்பதற்குள் வலிக்கவில்லை என்பான். கதவில் அந்தக் காலையே இடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் தளும்ப நின்றுகொண்டு, வலிக்கவில்லை என்பான்.

கிளப் ஆட்கள் வரும் ஆட்டம் நெருங்கியது. அவனுக்குச் சோதனை வைத்தாள். அடிபட்ட காலால் குதித்தான். சீசன் தொடக்கத்தில் எவ்வளவு குதித்தானோ அதே அளவு வந்துவிட்டது. கோச் குஷியாகிவிட்டார். பேராசிரியரும் அளவைப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது, நீ சொன்னால் போதும் என்றார். இவள் மட்டும் சரி என்று சொல்லவில்லை. இன்னும் ரெண்டு நாள் பார்க்கிறேன் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். இந்தப் பக்கம் அம்மா போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். உன் நாத்தனாரிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா, கட்டிக் கொடுத்த வீட்டில் உனக்கு அவ்வளவுதான் மதிப்பா என்று கேட்கிறாள். அந்தப் பக்கம் இவள் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இடையில் என் கணவர் ஒருவர்தான் நியாயம் சொல்லவேண்டியவர். அவர் லீவு நாளில் யாருக்கோ லிஃப்ட் ரிப்பேர் என்று கிளம்பிப் போய்விட்டார்.

“உன் சொந்த அண்ணனா இருந்தா இப்படி நிறுத்தி வெப்பியா?” என்று கேட்டேன்.

“எங்கண்ணனா இருந்தா தாராளமா விட்டிருப்பேன் அண்ணி. அவரு எப்படியும் ஓட மாட்டாரு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது. அளவு வந்துவிட்ட பிறகும் என்ன கேடு என்று கத்தினேன். அவன் படியிறங்கும்போது பார்த்தீர்களா என்றாள். பார்த்திருந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி ஒரு பக்கமாக இறங்குகிறான். பிறகு, படியில் இறங்க முடியாதவன் பழைய அளவுக்கு எப்படிக் குதிக்கிறான் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டவள், சட்டென்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்கே போனேன். கோச்சைக் கூட வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் கேட்டால் வழிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே ஒரே கூத்தாக இருந்தது. தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று. அதற்கு எதிரே ரொம்ப தூரத்தில் வெள்ளை டேப் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அணி முழுக்கச் சுற்றி நின்றது. என் நாத்தனார் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ரொம்ப அலட்சியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அரைமணி நேரப் பயிற்சி கிடையாதாம், சின்னப் போட்டிதானாம். ஒற்றைக்காலில் யார் அதிக தூரம் குதிக்கிறானோ அவனுக்கு சீசன் முடியும்வரை பயிற்சியிலிருந்து விடுதலையாம். அப்புறம், சொல்ல மறந்துவிட்ட மாதிரி, அந்த வெள்ளை டேப் இருக்கிறதே, அது காலையில் ஒரு பெண் குதித்த தூரம் என்றாள்.

கோல்கீப்பர்தான் அணியில் மூத்தவன். விஷயம் புரிந்து அவன் முகம் மாறியதை நானே பார்த்தேன். கண்ணைக் காட்டினான், தொண்டையைச் செருமினான், பக்கத்தில் நின்றவன் காலை மிதித்தான். யார் கேட்டார்கள். பின்களத்தில் ஆடும் குண்டுப் பையன் ஒருவன் ஒரு பெண் குதித்ததாமே என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்து எம்பினான். வெள்ளை டேப்பைத் தாண்டி விழுந்தான். அவ்வளவுதான், எல்லாருக்கும் வெறி பிடித்துவிட்டது. நான் முந்தி, நீ முந்தி என்று வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆட்டக்காரனைப் பொய் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவான். தோற்கச் சொன்னால் அவனால் ஆகாது. கடைசியில் அந்தக் கோல்கீப்பரே காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றான்.

என் தம்பி நல்ல காலால் குதித்தான். எல்லாரையும் தாண்டிப் போய் விழுந்தான். கூட்டம் கத்தியது. என்னையறியாமல் நானும் கை தட்டினேன். சண்டை போட வந்தவள் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

“இப்ப அந்தக் கால்” என்றாள் என் நாத்தனார்.

சத்தம் அடங்கிவிட்டது. அவன் அவளைப் பார்த்தான், கோச்சைப் பார்த்தான், மூச்சை இழுத்துக்கொண்டு குதித்தான். பாதிதான் வந்தது. இறங்கின கால் உள்ளே மடியப் பார்த்தது; இன்னொரு காலைக் கீழே வைத்து, கையையும் தரையில் ஊன்றித்தான் விழாமல் தப்பித்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே, “வலிக்கல” என்றான்.

அப்புறம்தான் எனக்கு முழுக் கதையும் விளங்கியது. சீசன் தொடக்கத்தில் வேண்டுமென்றே எல்லாரும் குறைத்துக் குதித்திருக்கிறார்கள். முதலில் குறைவாகக் காட்டிவிட்டால், பின்னால் அடிபட்டாலும் சீக்கிரம் அந்த அளவைத் தொட்டுவிடலாம், பாதி தேறினாலே முழுசாகத் தேறிவிட்டதாக ஆகிவிடும். கோல்கீப்பர் சொல்லிக்கொடுத்த வித்தை. அவனுக்கு அவனுடைய சீனியர் சொல்லிக்கொடுத்தானாம். எல்லாரும் அவனைப் பார்க்க, அவன் வானத்தில் மேகம் ஏதாவது போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வித்தையால் தினம் அரைமணி நேரம் தொடை எரிந்ததுதான் மிச்சம். அந்த வெள்ளை டேப் யார் குதித்த அளவு என்று குண்டுப் பையன் கேட்டான். என்னுடையதுதான் என்றாள்.

கோச் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் விடாமல் கூடப் போனேன். மனிதர் கெட்டவரில்லை. அவருக்கு அந்த ஆட்டம் வேண்டும், அதற்கு என் தம்பி வேண்டும்.

“போட்டியெல்லாம் விளையாட்டுக்கும்மா. சோதனையில அளவு வந்துடுச்சு, உங்க சாரே சரின்னுட்டாரு. நீ பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லது” என்றார்.

அதில் ஒரு தந்திரம் இருந்தது. அவர் அதையும் மறைக்காமல் சொன்னார். சீசன் முடிவில் இவள் திரும்ப அளக்கும்போது பையன்கள் உண்மையாகவே குதிப்பார்கள். அளவு இரண்டு மடங்காகிவிடும். இவள் கொடுத்த பயிற்சியால்தான் அப்படித் தேறினார்கள் என்று பேராசிரியர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். முதல் மார்க் இவளுக்குத்தான். அளவு வந்தவனைக் காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது; நிறுத்தவேண்டுமென்றால் முதல் அளவே பொய் என்று பேராசிரியரிடம் சொல்லியாகவேண்டும். சொன்னால் புராஜெக்டைக் குப்பையில் போடவேண்டியதுதான், ஒரு வருடம் போனதுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவளிடம், வாயை மூடிக்கொண்டு மார்க்கை வாங்கிக்கொள் என்று சொன்னேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். என் தம்பி ஆடுவான், நீ ஜெயிப்பாய், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள். என் தம்பி அதைவிட மோசம். மார்க் வாங்குவதற்காகத் தன்னை நாலு பேர் முன்னால் கேவலப்படுத்திவிட்டாள் என்று சொல்லி, நொண்டிக்கொண்டே விடுதிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்று இரவு சாப்பாட்டை அவளுக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு நான் போய்ப் படுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்கவில்லை.

காலையில் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, பயமா இருக்கு. கூட வரீங்களா?” என்றாள்.

தன் மேல் அவ்வளவு கோபம் காட்டினவளிடமே வந்து கேட்கிறாள் பாருங்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கிளம்பினேன். அவளுக்காகப் போனேனா, அவளைத் தடுத்து நிறுத்தப் போனேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பேராசிரியருடைய அறையில் மூலையில் ஒரு எலும்புக்கூடு நின்றது. அதன் தலையில் தன் தொப்பியை மாட்டியிருந்தார். மேஜை மேல் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்று, இரண்டு பாகமாகக் கழன்று கிடந்தது. நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் தம்பியும் வந்து கதவோரம் நின்றான். அவள்தான் வரச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. எல்லாரும் குறைத்துக் குதித்தார்கள், எனக்குத் தெரியவில்லை, அதை வைத்துத்தான் மொத்த வேலையும் செய்தேன், அதனால் எல்லாம் தப்பு என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமையாக நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தவர். அந்த வருத்தம் முகத்தில் தெரிந்தது.

“நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார்.

“தெரிஞ்சிருக்காது சார்.”

“அப்புறம் ஏன் சொல்ற?”

“அந்த அளவுப்படி பாத்தா இவன் நாளன்னைக்கு ஆடணும் சார். ஆடுனா அந்தக் கால் போயிடும்.”

புராஜெக்ட் செல்லாது, தெரியுமில்லையா என்று கேட்டார். தெரியும் என்றாள். உன்னோடு படிக்கிறவர்களெல்லாம் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். அதற்கும் தெரியும் என்றாள். தப்பு செய்தவர்கள் அவர்கள், நீ ஏன் வருடத்தைத் தொலைக்கவேண்டும் என்று அவரே கேட்டுவிட்டார்.

“பொய் சொன்னது அவங்க சார். நம்புனது நான்தானே. மார்க் எனக்குத்தான் போடணும்.”

நான் என் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். மார்க்குக்காகச் செய்தாள் என்று சொன்னவன்தானே. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லா எடையையும் நல்ல கால் மேல் போட்டு நின்றுகொண்டிருந்தான். ஒரு வருடம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். வருடா வருடம் அந்த ஒரே ஆட்டத்துக்குக் காத்திருக்கிறவன். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் அதைவிடக் கோபம் வந்தது. எழுந்து இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

பேராசிரியர் அவனைக் கிட்டே கூப்பிட்டார். பழைய அளவு செல்லாது என்று ஆகிவிட்டது, போட்டிக்குக் குதித்ததும் முறையான சோதனை ஆகாது, கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை, இனி உன் வாய்ச்சொல்தான், உன் கால் எப்படி இருக்கிறது என்று நீயே சொல் என்றார். நாளை மறுநாள் ஆட்டம். வலிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோச் அவனை இறக்கிவிடுவார். அந்த வார்த்தை அவனுக்கு வாயில் எப்போதும் தயாராக இருக்கும். எங்கள் அம்மா ஊரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதும் எனக்கு நினைவு வந்தது.

அவன் பேராசிரியரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் நாத்தனாரைப் பார்த்தான்.

“வலிக்குது” என்றான். “ரொம்ப வலிக்குது. அன்னையிலேருந்தே வலிக்குது.”

சொன்னதும் சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டான். அவள் நாற்காலியை விட்டு இறங்கி, அந்த அறையின் தரையிலேயே அவன் முன்னால் உட்கார்ந்தாள். எங்கே, இங்கேயா, இதற்குக் கீழேயா என்று கேட்டுக்கொண்டே அவனுடைய ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். கழற்றிய ஷூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.